நாவல் மடுவின் கருமுழிகள்

விடியற்காலை ஐந்தரை மணி. திருச்சி சத்திரம் பேருந்து நிலைய வாசலில் என் முன்னால் வந்து நின்ற ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியது ஒரு வாசனை. முழுக்கக் காயாத வலை, அதில் ஒட்டிய பாசி, அதற்கும் அடியில் மீனின் வழவழப்பு. பக்கத்தில் டீக்கடைப் பால் பொங்கிக்கொண்டிருந்தது. லால்குடிப் பேருந்திலிருந்து பூக்கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. எதுவும் அந்த வாசனையை மறைக்கவில்லை. அது என்னை மதுரைக்கு இழுத்துப் போய், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சிமெண்ட் தொட்டி விளிம்பில் நிறுத்தியது. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று அப்பா அந்தத் தொட்டியில் ஒற்றைக் குறவை மீனை விட்டிருந்தார். வாளியை முக்கினால் அடியில் ஒரு கறுப்பு அசைவு விலகும். பள்ளிக்கூடக் காலம் முழுக்க அந்த மீனோடு ஒரே தண்ணீரில் குடித்தனம் செய்தோம். ஒருநாளும் அதை நான் முழுசாகப் பார்த்ததில்லை.

"ஏறுங்கக்கா. வலை மேல உக்காந்திடாதீங்க, அப்புறம் ஊர்ப் பூனையெல்லாம் உங்க பின்னாடி வரும்," என்றாள் உள்ளேயிருந்து ஜெசிந்தா.

ஜெசிந்தா திருச்சிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். நாற்பதைத் தாண்டியவள். வெயில் தின்ற முகம், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, காலில் எப்போதும் ஈரமான ரப்பர் செருப்பு. காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஓடுகின்றன. அந்த இரண்டு ஆறுகளிலும் குறித்து வைத்த இடங்களில் மாதாமாதம் வலை வீசி, என்ன மீன் இருக்கிறது, எது குறைகிறது, அது வாழும் இடம் எப்படி மாறுகிறது என்று பார்த்து வருகிறாள். போன வருஷம் மதுரையில் ஒரு கூட்டத்தில் நான் ஆறுகளைப் பற்றி வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து, "ஆத்தப் பத்தி இவ்வளவு எழுதறீங்களேக்கா, அதுல ஒரு மீனக்கூடக் காணோமே," என்று கேட்டவள் இவள்தான். அந்தக் கேள்வி உள்ளங்காலில் முள்ளாக நின்றது. ஓரிடத்தில் உட்காரத் தெரியாத எனக்கு முள் நல்ல சாக்கு. புரட்டாசி பிறந்ததும் கிளம்பி வந்துவிட்டேன்.

ஆட்டோவை ஓட்டியவர் மாரிமுத்து. கொள்ளிடக் கரைக்காரர், ஜெசிந்தாவின் வயதுக்காரர். மற்ற நாட்களில் சவாரி. கணக்கெடுக்கும் நாட்களில் அவளுக்காக வலை வீசுகிறவர்.

"இங்கேர்ந்து கொள்ளிடக் கரைக்கு ஏழு கிலோமீட்டர் மேடம். எந்த ஊர்லயாச்சும் ஆட்டோக்காரன் இறக்கி விட்டுட்டு, தானும் இறங்கி மீன் புடிச்சுக் குடுப்பானா?"

"புடிச்சத திரும்பத் தண்ணிலயே விடச் சொல்றதுதான் மாரிக்கு வருத்தம்," என்றாள் ஜெசிந்தா.

"எங்கப்பா பாத்தா அடிப்பாரு டீச்சர்."

ஆட்டோ பாலத்தில் ஏறியது. கீழே காவிரி இரு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. இருட்டு வெளுக்கும் நேரத்தில் ஆறு ஓடுவது தெரியாது; கரைகள்தான் பின்னோக்கி நழுவுவதுபோல் இருக்கும். மலைக்கோட்டை முதுகுப் பக்கம் போயிற்று. முன்னால் கோபுரத்து விளக்கு.

திருவானைக்காவல் தாண்டும்போது ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னாள். கொள்ளிடம் வளையும் இடத்தில் நாவல் மடு என்று ஆழமான ஒரு பள்ளம் இருக்கிறது. கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும்போதும் அதில் தண்ணீர் நிற்கும். கரையைப் பலப்படுத்தும் வேலைக்காக அந்த மடுவில் கல்லைக் கொட்டி நிரவப் போகிறார்கள். காவிரிக்கே உரிய கருமுழிக் கெண்டை ஒரு காலத்தில் அங்கேதான் குஞ்சு பொரித்தது. அவள் கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு ஒன்றுகூட அகப்படவில்லை.

"இன்ஜினியர் நல்ல மனுஷன்தாங்க்கா. 'அந்த மீன் இன்னும் அங்க பெருகுதுன்னு எழுத்துல குடுங்க, கல்லத் தள்ளிக் கொட்டறோம். இல்லாத மீனுக்காக நான் மேல என்னன்னு எழுதறது'ன்னு கேட்டார். நியாயமான கேள்விதானே. திங்கக்கிழமை ரிப்போர்ட் குடுக்கணும். இன்னைக்கு வெள்ளி."

"அது எப்பவோ கடலுக்குப் போய் ரிட்டயர்ட் ஆயிடுச்சு," என்றார் மாரிமுத்து.

"நல்ல தண்ணி மீன் கடலுக்குப் போகாது மாரி."

"நீங்க பாத்தீங்களா?"

ஆறரை மணிக்கு மடுவின் விளிம்பில் நின்றோம். நாணல் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஆடி வெள்ளம் வடிந்துபோன பிறகு கொள்ளிடம் மணல் திட்டுகளுக்கு நடுவே பிரிந்து பிரிந்து ஓடியது. மடுவுக்குள் நுழைந்ததும் மட்டும் அதற்கு ஒரு நிதானம் வந்தது. கரையில் பெயருக்கேற்ப ஒரு நாவல் மரம். மற்றபடி ஊர் அறியாத இடம். பார்க்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். நான் கேட்கவில்லை, ஏனென்றால் ஜெசிந்தா அப்போது தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

முதலில் ஒரு கயிற்றில் கட்டிய கறுப்பு வெள்ளைத் தட்டைத் தண்ணீருக்குள் இறக்கினாள். தட்டு மங்கி, வெறும் வெளிச்சமாகி, பிறகு இல்லாமல் போனது. கயிற்றை அந்த இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டாள். ஆற்றின் பார்வை எவ்வளவு தூரம் என்று அளப்பது அப்படித்தானாம். அதன்பின் செருப்பைக் கழற்றிக் கரையில் எறிந்துவிட்டு, இடுப்பளவு நீரில் மெல்ல நடந்தாள். கண்கள் எங்கோ தூரத்தில். வாய் மட்டும் கழுத்தில் தொங்கிய போனுக்குச் சொல்லிக்கொண்டே போயிற்று.

"கூழாங்கல்... கூழாங்கல்... மணல். சேறு, கணுக்கால் வரை. மறுபடி கூழாங்கல், நல்லா சுத்தமா இருக்கு."

நான் எவ்வளவோ பேர் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். பாதத்தால் படிக்கிறவளை அன்றுதான் பார்த்தேன். கூழாங்கல் இடுக்குகளில்தான் முட்டை தங்கும். சேறு மூடினால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அந்த மடுவின் அடித்தரை அவளுக்கு ஒரு வீட்டுத் தரை. எங்கே பெருக்கியிருக்கிறது, எங்கே குப்பை சேர்ந்திருக்கிறது என்று ஒரு தடவை குறுக்கே நடந்தாலே சொல்லிவிடுகிறாள்.

மாரிமுத்து வலையை முழங்கையில் மடித்துத் தோளில் ஒரு பகுதி போட்டு, இடுப்பைத் திருப்பி வீசினார். வலை காற்றில் வட்டமாக விரிந்து, ஒரு கணம் தயங்கி, அப்படியே தண்ணீரில் உட்கார்ந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு குறி வைத்த இடம். எத்தனை வீச்சு என்பதும் முன்பே தீர்மானம். ஒன்றும் விழாவிட்டாலும் கூடுதலாக ஒன்று வீசக்கூடாது; நிறைய விழுந்தாலும் பாதியில் நிறுத்தக்கூடாது.

"ஆசைப்பட்டா போச்சுக்கா," என்றாள் ஜெசிந்தா. "ஆசைப்பட்டு வீசின வலைல ஆறு தெரியாது, நம்ம மூஞ்சிதான் தெரியும்."

பிடிபட்டவை காற்றுக் குமிழி விடும் வாளிக்குப் போயின. ஒவ்வொன்றையும் ஈரக் கையால் எடுத்து, அளவுகோல் ஒட்டிய பலகையில் வைத்து, போட்டோ எடுத்து, பெயரும் நீளமும் சொல்லி, மறுபடி ஆற்றில் விட்டாள். பெரும்பாலும் ஜிலேபி கெண்டை, எங்கிருந்தோ வந்து ஆற்றையே குத்தகைக்கு எடுத்துக்கொண்ட இனம். நடுவில் கெளுத்தி, ஆரல். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போய் யாரோ கொண்டுவந்து விட்ட, முதுகில் கவசம் பூட்டிய 'டேங்க் கிளீனர்' ஒன்று. அதற்கு மாரிமுத்து வைத்திருக்கும் பெயர் ஹெல்மெட்.

கடைசிக்கு முந்தின வீச்சு. வலையை இழுத்தவர் வழக்கமான கிண்டல் எதையும் சொல்லவில்லை. குனிந்து பார்த்தார். "டீச்சர்," என்றார். "கொஞ்சம் வாங்க."

விரல் நீளத்தில் சின்ன மீன்கள், ஒரு கைப்பிடி அளவு. மங்கிய செம்பு நிறம். முன்னே நீண்ட மூக்கு. கண் முழுக்கக் கறுப்பு.

ஜெசிந்தா ஒன்றை உள்ளங்கை நீரில் ஏந்திப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு ஓரத்துத் தண்ணீரில், மார்பு வரை நனைய, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. முகம் முழுக்க ஆற்று நீர்.

"கருமுழி," என்றாள். "மாரி, கருமுழி."

"கடல்லேர்ந்து திரும்பி வந்துடுச்சு போல," என்றார் மாரிமுத்து. தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு வியர்க்கவில்லை.

அளக்கும்போது மட்டும் ஒரு தடவை அவள் புருவம் சுருங்கியது. "எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளமா இருக்கே."

"ஒரே பிரசவம் டீச்சர். சந்தோஷப்படறத விட்டுட்டு."

அவள் சந்தோஷப்பட்டாள். கரையேறி, ஈரப் புடவையோடு, நாவல் மரத்தடியில் மூன்று பேரும் பொட்டலத்திலிருந்து எலுமிச்சை சாதம் தின்றோம். அதைவிட ருசியான சாப்பாட்டை அண்மையில் நான் தின்றதில்லை.

மதியம் கால் நிற்கவில்லை. சத்திரத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து முக்கொம்புக்குப் போனேன். மேற்கே பதினெட்டு கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நடத்துனர் பூஜ்யம் அச்சடித்த சீட்டைக் கிழித்துத் தந்தார். ஒரு ஆறு இரண்டாகும் இடம் அது. பெரிய சத்தம், நுரை, பிரிவின் வேதனை என்றெல்லாம் மனத்துக்குள் எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அகண்ட நீர்ப்பரப்பு மதகுகளின் முன்னால் வந்து நிற்கிறது. மதகுகளைத் தாண்டிய பிறகு காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் அழைக்கப்படுகிறது. எந்தத் துளி எந்தப் பெயருக்குப் போகும் என்று துளிக்குத் தெரியாது. எங்கள் வைகை வருஷத்தில் பாதி நாள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு படுத்திருக்கும். இங்கே தண்ணீரும் இருக்கிறது, அதற்கடியில் என்ன இருக்கிறது என்று கவலைப்பட ஓர் ஆளும் இருக்கிறாள். பொறாமையாக இருந்தது. நல்ல பொறாமை.

மாலை ஐந்தரைக்கு ஸ்ரீரங்கம் திரும்பினேன். வடக்குச் சித்திரை வீதியில் ஒரு மாடி அறை, நாளுக்கு எழுநூறு ரூபாய், இரண்டு வேளை காபி சேர்த்து. வீட்டுக்காரர் ரங்கராஜன், இன்ஷூரன்ஸ் வேலையில் ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருமண், தோளில் வெள்ளைத் துண்டு, காலையில் கோயில், மாலையில் ஆற்றங்கரை நடை. ஜெசிந்தா தெருக்காரர்களுக்கு ஒருமுறை மீன்களைப் பற்றிப் பேசியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர். அன்றிலிருந்து அவளுடைய வேலையில் அவருக்குத் தீராத மரியாதை. அறையை எனக்குப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான். அன்று நல்ல செய்தியோடு மாரிமுத்துவையும் கூட்டிக்கொண்டு காபிக்கு வந்திருந்தாள்.

மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். கோபுரத்தின் மேல் அடுக்கு வெயிலில் இருந்தது. வீதி நிழலுக்குப் போய்விட்டது. ரங்கராஜனின் மனைவி விஜயா மாமி கொலுவுக்கு எடுத்து வைத்த பொம்மைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது கையில் இருந்தது மச்சாவதாரம்.

"கருமுழி கெடைச்சிடுச்சு மாமி," என்றாள் ஜெசிந்தா. "நாவல் மடுவுல."

"கெடைக்காம எங்கே போகும்?" என்றார் மாமி, பொம்மையின் வாலைத் துடைத்தபடி. "இவர் கொண்டுவந்து விட்டதுன்னா அது."

"விஜயா," என்றார் ரங்கராஜன்.

"சொன்னா என்ன? ரெண்டு மாசமா வாயைக் கட்டிண்டு இருக்கேன்."

ஜெசிந்தா டம்ளரைக் கீழே வைத்தாள். வகுப்பில் மாணவனிடம் கேட்பதுபோல் நிதானமாகக் கேட்டாள். "எதை விட்டீங்க சார்?"

அவருக்குக் கூச்சம். புகழப்படுகிறவரின் கூச்சம். "பெரிசா ஒண்ணுமில்லேம்மா. அன்னிக்கு நீங்க பேசினப்போ, இந்த மத்ஸ்யம் காவிரியை விட்டே போயிடுத்துன்னு சொன்னேள். மனசு கேக்கலே. மேக்கே ஒரு பண்ணையிலே குஞ்சு கெடைக்கறதுன்னு கேள்விப்பட்டேன். கார் வச்சுண்டு போய், ஆக்ஸிஜன் பையிலே கட்டிக் கொண்டுவந்து, ஆடி மாசம் எங்க கல்யாண நாளன்னிக்கு மடுவிலே சமர்ப்பிச்சோம். தானம் பண்ணினதைச் சொல்லிக் காட்டப்படாது. அதான் உங்ககிட்டகூடச் சொல்லலே."

கீழே ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"எல்லாம் ஒரே நீளம்," என்றாள் ஜெசிந்தா, தனக்குத்தானே.

மாரிமுத்து பெருமூச்சு விட்டார். "புள்ள பாஸாகணும்னு நீங்களே பரீட்சைப் பேப்பர எழுதி வச்சுட்டு வந்துட்டீங்க சார்."

ரங்கராஜன் அவரைப் பார்த்தார், ஜெசிந்தாவைப் பார்த்தார். "ஏதாவது தப்பாயிடுத்தா?"

"தப்புன்னு சொல்ல மாட்டேன் சார்," என்றாள் அவள். "மடுவுல மீன் இருக்கான்னு யாரும் கேக்கல. மடு மீனை உண்டாக்குதான்னு கேக்கறாங்க. நாங்க இன்னைக்குப் புடிச்சது பண்ணைல பொறந்தது. அதை வச்சு இந்த மடு உயிரோட இருக்குன்னு என்னால எழுத முடியாது."

அவர் எழுந்து நின்றார். கைகள் தாமாகக் குவிந்தன. "அபசாரம் பண்ணிட்டேன்," என்றார். முகத்தில் இருந்த அந்தக் கூச்சம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மாமி பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"ஒண்ணு சொல்லட்டா," என்றார் மாரிமுத்து. "இந்த மாடில இருக்கறவங்களத் தவிர யாருக்கும் இது தெரியாது. நாம வாயை மூடிக்கிட்டா மடு பொழைச்சிக்கும்."

அந்த நிமிஷம் நானும் அவர் பக்கம்தான் சாய்ந்தேன். கூழாங்கல் தரை கண்ணில் நின்றது. ஒரு சின்ன மௌனம், அதற்கு ஒரு மடு. மலிவு என்றே தோன்றியது.

ஜெசிந்தா ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். "இந்த மடுவுக்குப் பொய் எழுதலாம் மாரி. அடுத்த மடுவுக்கு நெஜத்த எழுதும்போது யாரு நம்புவா?" பிறகு மாமியிடம் திரும்பி, "மாமி, இன்னொரு காபி கெடைக்குமா? கொஞ்சம் யோசிக்கணும்," என்றாள்.

மாமி விருட்டென்று எழுந்து கீழே போனார். சூடாக ஒரு டம்ளர் வருவதற்குள் ஜெசிந்தா யோசித்து முடித்திருந்தாள்.

"சார் விட்டது இப்பத்தான் விரல் நீளம் வந்திருக்கு. அது வளந்து முட்டை போட வருஷக்கணக்காகும். இப்ப மடுவுல இன்னும் பொடிசா, வெள்ளம் வந்தப்புறம் பொறந்த குஞ்சு இருந்தா, அது இவர் விட்டதோட வாரிசா இருக்க முடியாது. வேற ஒரு தாய் மீன் அங்க இருக்குன்னு அர்த்தம். நம்ம வலைக் கண்ணுல பொடிசெல்லாம் ஓடிடும். நாளைக்குக் கொசுவலை போட்டுப் பாப்போம்."

"நானும் வரலாமா?" என்று கேட்டார் ரங்கராஜன்.

"வேற எதையும் கொண்டு வராதீங்க சார்," என்றார் மாரிமுத்து. மாமிதான் முதலில் சிரித்தார்.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. கோயிலுக்கு வரும் கூட்டம் விடியும் முன்பே வீதியை நிரப்பியிருந்தது. நாங்கள் எதிர்த் திசையில் போனோம். மடுவின் ஓரம், நாணல் வேர்கள் தண்ணீரில் நனையும் இடத்தில், கொசுவலைத் துணியின் ஒரு நுனியை மாரிமுத்துவும் மறு நுனியை ரங்கராஜனும் பிடித்தார்கள். வேட்டியை முழங்காலுக்கு மேல் கச்சம் கட்டியிருந்தார் அவர். வாழ்நாள் முழுக்க அந்த ஆற்றைத் தலைக்குத் தெளித்துக்கொண்டவர். வலையோடு அதில் நிற்பது முதல் தடவை. துணியை விரல் நுனியால் பிடித்திருந்தார்.

"கெட்டியாப் புடிங்க சார். ஒண்ணும் கடிக்காது."

"கடிச்சா பரவாயில்லைன்னுதான் இருக்கு," என்றார் அவர்.

துணியைத் தூக்கினார்கள். பாசி, சருகு, நீர்ப்பூச்சி. மறுபடி. மறுபடியும் பாசி. ஜெசிந்தா ஒவ்வொரு முறையும் துணியை ஒரு வெள்ளைத் தட்டில் அலசி, கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தாள். நாலாவது அலசலில் தட்டை என்னிடம் நீட்டினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தண்ணீரே துடித்ததுபோல் இருந்தது. கண்ணாடி இழை ஒன்று, அதன் ஒரு முனையில் இரண்டு மிளகுத் தூள். அப்புறம் இன்னொன்று. தட்டு முழுக்க இழைகள்.

ரங்கராஜன் மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "கண்ணு கறுப்பா இருக்கே. கருமுழியா?"

"இந்த வயசுல எல்லாக் குஞ்சுக்கும் கண்ணு அப்படித்தான் சார்," என்றார் மாரிமுத்து.

ஜெசிந்தாவும் தலையை ஆட்டினாள். "ஜிலேபியாவும் இருக்கலாம். வளத்துதான் பாக்கணும். மூக்கு நீண்டு, செதில் வந்தாத்தான் தெரியும். ஒரு மாசமாவது ஆகும்."

கரையில் நின்றே இன்ஜினியருக்குப் போன் செய்தாள். நேற்றுப் பிடித்ததையும், அது எப்படி வந்தது என்பதையும், இன்று தட்டில் இருப்பதையும், அதற்குப் பெயர் தெரியாது என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு போனை மூடிவிட்டு எங்களிடம் சொன்னாள்: "தீபாவளிக்கு அப்புறம்தான் கல்லு லாரி வருதாம். அதுவரைக்கும் ரிப்போர்ட்டக் கேக்க மாட்டாராம். அதுக்கு மேல ஒரு நாளும் கெடையாதுன்னுட்டார்."

ஆக, நாவல் மடுவின் ஆயுள் அந்தத் தட்டில் நீந்திக்கொண்டிருந்தது. பாதிக் குஞ்சுகள் கல்லூரித் தொட்டிக்கு. ஒரே இடத்தில் வைத்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடலாம் என்பதால், மறுபாதிக்கு ஆற்றுக்கு அருகே இன்னோர் இடம் வேண்டும். தினமும் ஆற்று நீர் மாற்ற வேண்டும், பகல் முழுக்க ஆள் இருக்க வேண்டும்.

"நம்ம மாடியிலே வச்சுக்கறேன்," என்றார் ரங்கராஜன். "பழையபடி எதையாவது பண்ணிடுவேனோன்னு பயமா இருந்தா வேண்டாம்."

ஜெசிந்தா அவரையே பார்த்தாள். "தீனி என்னன்னு தெரியுமா சார்? வேக வச்ச கோழி முட்டையோட மஞ்சக் கரு. துணில கட்டித் தண்ணிக்குள்ள பிழிஞ்சு விடணும். ஒரு நாளைக்கு மூணு தரம்."

ரங்கராஜன் கச்சத்தை அவிழ்த்து வேட்டியை உதறிவிட்டுக்கொண்டார்.

"பருப்புத் தண்ணி ஆகாதா?"

"குடுக்கலாம். எத்தனை பொழைக்கும்னு சொல்ல முடியாது."

"புரட்டாசில முட்டை விலை இறங்கித்தான் இருக்கு சார்," என்றார் மாரிமுத்து. "நல்ல நேரம் பாத்து மாட்டினீங்க."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று அவர் மாமியிடம் விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை மாமி கையிலிருந்த பொம்மையைக் கீழே வைக்கவில்லை. நான் மாடிப்படி அருகே, இருப்பதா போவதா என்று தெரியாமல் நின்றேன்.

"முட்டை தளிகை பண்ற உள்ளுக்கு வரப்படாது," என்றார் மாமி கடைசியில். "மாடியிலே கரண்ட் அடுப்பு தனியா வச்சுக்கோங்கோ. அந்தப் பாத்திரம் ஒருநாளும் படி இறங்கக் கூடாது. கை அலம்ப மாடியிலேயே வாளி." இரண்டடி உள்ளே போனவர் திரும்பி வந்தார். "காலம்பற எத்தனை மணிக்குப் போடணும்? நீங்க கோயிலுக்குப் போற நேரம்னா நான் போடறேன்."

இதுவரை எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் ஆறுகளைக் கும்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். மலர், விளக்கு, ஆரத்தி. அந்த வாசற்படியில் கேட்டதற்கு ஈடாக எதையும் பார்த்த நினைவில்லை.

நாலு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஜெசிந்தா மாடியில் தொட்டிக்குக் காற்றுக் குழாய் பொருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கையை மட்டும் ஆட்டினாள். "அடுத்த தரம் எழுதும்போது மீனை மறந்துடாதீங்கக்கா." ரங்கராஜன் என்னை வழியனுப்பப் பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்தார். ராஜகோபுரம் தாண்டி, கடைத்தெருவில், ஒரு மளிகைக் கடைக்கு எதிர்ச்சாரியில் நின்றுவிட்டார். கடை முகப்பில் அட்டையில் அடுக்கிய முட்டைகள்.

"ஒரு உபகாரம் பண்ணுவேளா?" என்றார். "எப்படிக் கேக்கறதுன்னே எனக்குத் தெரியலே."

நான் போய் ஆறு முட்டை வாங்கினேன். ஒன்று ஆறு ரூபாய். கடைக்காரர் தெருவைத் தாண்டி அவரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், பையை இரட்டையாகப் போட்டுக் கொடுத்தார். ரங்கராஜன் அதை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டார்; ஆனால் குலுங்காமல், தீர்த்தம் எடுத்து வருகிறவரைப்போல.

ஒன்றாம் நம்பர் பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இன்னும் சற்று நேரத்தில் காவிரிப் பாலம், ராத்திரிக்குள் மதுரை, வைகையின் மணல். அந்தச் சிமெண்ட் தொட்டி இடிக்கப்பட்டுப் பல காலமாயிற்று. அடியில் விலகிய அந்தக் கறுப்பு அசைவை ஒருநாளாவது கையில் ஏந்திப் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. தீபாவளிக்கு மறுநாள் போன் வரும். கருமுழியா, ஜிலேபியா. இரண்டில் எது என்று இப்போது அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியாததை மூன்று வேளை ஊட்டி வளர்க்கிறார்கள்.

பஸ் நகரப் பார்த்தபோது ரங்கராஜன் ஜன்னலுக்குக் கீழே வேகமாக வந்தார். பையை இரண்டு கைகளாலும் ஏந்தியிருந்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

"உள்ளே வெந்துடுத்தான்னு வெளியிலேர்ந்து எப்படித் தெரியும்?"